மை தடவாத மூன்று வரிகள்

அத்தியாயம் நான்கு

பீப்பாய் தயாராக இருந்தது. ஆணி அடிக்க முடியவில்லை. அதன் மூடியின் மேல் எனெலின் உட்கார்ந்திருந்தாள்.

ரைன் நதிக்கரையில், மீன் சந்தைப் படித்துறையில், காலையிலிருந்து அப்படியே இருக்கிறாள் என்று காவலன் சொன்னான். முப்பது வயதிருக்கும். இரண்டு கைகளையும் மடியில் வைத்திருந்தாள். அழவில்லை. பீப்பாய் செய்தவன் சுத்தியலோடு மூன்றடி தள்ளி நின்றான். எங்கே பார்ப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. நதியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தன் உயிரைத் தானே எடுத்துக்கொண்டவனுக்குப் பாசெல் நகரத்தில் மண் கிடையாது. பீப்பாயில் அடைத்து நதியில் விட்டுவிடுவார்கள். எல்லையைத் தாண்டிவிட்டால் அவன் அடுத்த ஊரின் தலைவலி.

அவள் கணவன் யோஸ்ட், மார்க்வார்ட் அச்சகத்தில் அச்சுக் கோப்பவன். நேற்றுக் காலை ஆலை வாய்க்காலின் மரத் தடுப்பில் அவன் உடல் கிடைத்தது. விழுந்தானா, குதித்தானா என்று யாரும் பார்க்கவில்லை. விழுந்தான் என்றே எல்லோரும் நினைத்தார்கள். நேற்று மாலை பங்குப் பாதிரியார் ஒரு புத்தகத்தோடு நகர மன்றத்துக்கு வந்தார். அதன் பிறகு பீப்பாய் செய்யச் சொன்னார்கள்.

ஓஸ்வால்ட் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நகர மன்றத்தின் விசாரணை எழுத்தர் அவர். ஒல்லியான ஆள். கேள்வி கேட்கும்போது எதிராளியின் உயரத்துக்கு இறங்கிவிடுவார்.

"எவ்வளவு நேரம்மா உக்காந்திருப்ப?"

"மாலை ஜெப மணி வரைக்கும் விடுறோம்னாங்க. அப்புறம் என்னைத் தூக்கி ஓரமா வச்சிட்டு, அவரை உள்ள வச்சு ஆணி அடிப்பாங்களாம்." காவலனை ஒரு முறை பார்த்தாள். "நான் கனம். ரெண்டு பேரு வேணும்."

யோஸ்ட் சமீபத்தில் மனம் வாடியிருந்தானா என்று ஓஸ்வால்ட் கேட்டார். அவள் மடியிலிருந்த கைகளைப் பார்த்தாள்.

"அவரு விழுந்துட்டாருய்யா," என்றாள். "விழுந்தவருக்கு மண்ணு வேணும். அவ்வளவுதான் கேக்குறேன்."

நாங்கள் படியேறினோம். மணி பன்னிரண்டு என்று கோபுரம் சொன்னது. பாசெல் கடிகாரங்கள் மற்ற ஊர்களைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். ஏன் என்று யாருக்கும் தெரியாது.

"உலகத்துக்கே இன்னும் பதினொண்ணுதான் ஐயா," என்றேன். "சாவறதுக்கு இந்த ஊரைப் பிடிச்சான் பாருங்க. ஒரு மணி நேரம் நஷ்டம்."

ஓஸ்வால்ட் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காத நாட்களில் நான் அதிகம் பேசுவேன்.

என் பெயர் பிளாசியுஸ். ஆறு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்காமல் வெளியே வந்தவன். ஓஸ்வால்டுக்கு உதவியாளன். அதில் வயிறு நிறையாத மாதங்களில் புத்தகங்களுக்குச் சிவப்பெழுத்து வரைவேன். அச்சடிப்பவர்கள் பத்தியின் முதல் எழுத்துக்கு இடத்தைக் காலியாக விட்டுவிடுவார்கள். அந்த இடத்தை என்னைப் போன்றவர்கள் தூரிகையால் நிரப்புவோம். ஆயிரம் காலி இடங்களையாவது நிரப்பியிருப்பேன்.

பங்குப் பாதிரியார் டீட்ரிக் நகர மன்றத்தில் எங்களுக்காகக் காத்திருந்தார். மேசையில் அந்தப் புத்தகம் இருந்தது. லத்தீன் பிரசங்கத் தொகுப்பு. இன்னும் தைத்துக் கட்டாத தாள்கள். மார்க்வார்ட் அச்சகத்தில் போன வாரம் முடிந்த வேலை. யோஸ்ட் கடைசியாகக் கோத்த புத்தகம்.

கடைசித் தாளை எடுத்தார். பக்கம் பாதியிலேயே முடிந்திருந்தது. கீழே வெறும் வெள்ளை.

"நேரா பாத்தா ஒண்ணும் தெரியாது," என்றார். ஜன்னலருகே போய்த் தாளைச் சாய்த்துப் பிடித்தார்.

வெள்ளையில் எழுத்துகள் எழுந்தன. மை இல்லை. ஈய எழுத்து அழுத்திய பள்ளம் மட்டும். மூன்று வரிகள். இடது ஓரத்தில் நூல் பிடித்ததுபோல் நேராகத் தொடங்கின. லத்தீனில் இருந்ததைப் பாதிரியார் மெல்லப் படித்தார்.

வெளிச்சம் போதும், ஆண்டவரே.
இனி இருட்டில் உம்மைத் தேடி வருகிறேன்.
கதவைத் தாழிடாமல் வையும்.

பாதிரியார் தாளைத் தாழ்த்தினார்.

"அவன் புள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தவன் நான்," என்றார் பாதிரியார். "அந்தப் புள்ளையைப் புதைச்சதும் நான்தான். இதை நான் பாக்காமலே இருந்திருக்கலாம். பாத்துட்டேன். பாத்ததை மறைச்சுட்டு எப்படிப் பூசை வைக்கிறது?"

ஓஸ்வால்ட் அந்தத் தாளை மட்டும் வாங்கிக்கொண்டார்.

தெருவில் என்னிடம் கேட்டார்: "ஒருத்தன் கடைசி வார்த்தையை எழுதணும்னா மை தடவித்தானே எழுதுவான்?"

"மை விலை ஏறிடுச்சோ என்னவோ."

"இல்ல பிளாசி. கண்ணுக்குத் தெரியக் கூடாதுன்னு ஒருத்தன் அச்சடிப்பானா? அச்சகத்துல போய்க் கேப்போம்."

மார்க்வார்ட் அச்சகத்தில் அன்றும் வேலை நடந்தது. கயிறுகளில் ஈரத்தாள்கள் தொங்கின. அவற்றின் நடுவே குனிந்து போனோம். அச்சு இயந்திரத்தின் திருகை இழுக்கும் ஊலி, கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டு வந்தான். யோஸ்டுக்கு நெருங்கிய கூட்டாளி. கண்கள் வீங்கியிருந்தன. என்னைக் கண்டதும் பழக்கதோஷத்தில் கிண்டல் வந்தது.

"வாங்க அரைப் பண்டிதரே. போன தடவை நீங்க போட்ட சிவப்பைப் பாத்துட்டு மடாலத்துல கேட்டாங்க, கோழி நடந்துச்சான்னு."

"கோழிதான் நடந்துது. நான் கூலி வாங்கிக்கிட்டேன்."

அவன் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான்.

யோஸ்ட் வேலை செய்த இடத்தை ஓஸ்வால்ட் பார்க்க வேண்டும் என்றார். பதினான்கு வருடம் ஜன்னலோரம் அவன் இடம். ஈஸ்டருக்குப் பிறகு அதை இன்னொருவனுக்கு விட்டுவிட்டு உள்சுவரை ஒட்டிப் போய்விட்டானாம். தாராள மனசு என்று நினைத்துக்கொண்டேன். அங்கே இருந்த விளக்குத் தண்டில் ஒரு சொட்டு மெழுகுகூட ஒட்டியிருக்கவில்லை. ஈய எழுத்துப் பெட்டியின் அறை விளிம்புகளில் கத்தியால் கீறிய வெட்டுகள் இருந்தன. ஒன்றில் ஒரு வெட்டு, அடுத்ததில் இரண்டு.

"எலி கணக்குப் படிச்சிருக்கு," என்றேன்.

ஓஸ்வால்ட் அந்த வெட்டுகளை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு ஊலியிடம் தாளைச் சாய்த்துக் காட்டினார்.

ஊலி அதைப் படிக்கவில்லை. என்ன என்று பார்த்தவுடனேயே தெரிந்துவிட்டது அவனுக்கு.

"இது முட்டு, ஐயா. இதுக்கா பீப்பா செஞ்சாங்க?" நம்ப முடியாமல் எங்கள் இருவரையும் பார்த்தான். "பக்கம் பாதியில முடிஞ்சா கீழ காலி. அங்க திருகு இறங்கினா அழுத்துற பலகை ஒரு பக்கம் சாயும். தாள் தொய்ஞ்சு கெட்டுப்போகும். அதனால வேற எதுக்கோ கோத்த வரி கிடந்தா எடுத்து முட்டுக் கொடுப்போம். மை தடவ மாட்டோம். எல்லாப் பிரதியிலயும் பள்ளம் விழும். அதை எவன் படிப்பான்?"

"ஒருத்தர் படிச்சிட்டாரே," என்றார் ஓஸ்வால்ட். "என்ன வரின்னு பாரு."

ஊலி ஜன்னலுக்குப் போனான். முதுகு காட்டி நின்றான். வெகுநேரம் நின்றான். திரும்பியபோது குரல் இறங்கியிருந்தது. நோயாளிகளுக்கான ஜெபப் புத்தகத்தின் வரிகள் என்றான். சாகக் கிடப்பவர்களின் தலைமாட்டில் படிப்பது. இரண்டு வருடம் முன்னால் இங்கேதான் அச்சானது. யோஸ்ட்தான் கோத்தான். பிரதி ஒன்றுகூட மிச்சமில்லை. பக்கத்தில் இருப்பது என்றால் ஆற்றுக்கு அந்தப் பக்கம், மௌனத் துறவிகளின் மடாலத்தில்.

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. பழைய புத்தகத்தின் வரி. முட்டுக்கு வைத்த ஈயம். யோஸ்டின் வார்த்தையே இல்லை. அந்தப் பிரதியைக் கொண்டுபோய் மன்றத்தின் முன்னால் வைத்தால் போதும்.

பாலத்தில் ஏறும்போது இரண்டு மணி அடித்தது. கீழே படித்துறையில் எனெலினின் தலைத்துணி ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது.

மடாலத்தின் நூலகத்தைக் கவனித்தவர் சகோதரர் யாக்கோப். பேச அவருக்கு மடாதிபதியின் அனுமதி வேண்டும். மடாதிபதி தூங்கிக்கொண்டிருந்தார். ஆகவே ஓஸ்வால்ட் பேசினார், சகோதரர் விரல்களால் பதில் சொன்னார். புத்தகம் இருக்கிறது என்பதற்கு ஒரு சைகை. கையைக் கழுவுங்கள் என்பதற்கு ஒரு சைகை. நான் என்னைக் காட்டி, நானும் வரலாமா என்று சைகை செய்தேன். அதற்கு அவர் என் உடைகளை மேலும் கீழும் பார்த்தார். அதற்குச் சைகை தேவைப்படவில்லை.

புத்தகம் கைக்கு அடக்கமாக இருந்தது. பல சாவுகளைப் பார்த்த புத்தகம். ஓரங்களில் மெழுகு சொட்டியிருந்தது. சகோதரர் யாக்கோபே பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த ஜெபம் அவருக்கு மனப்பாடம்.

இருந்தது. வெளிச்சம் போதும், ஆண்டவரே. மூன்று வரிகளும், சொல் மாறாமல். தொடக்கத்தில் சிவப்பும் நீலமுமாக ஒரு பெரிய எழுத்து, இரண்டு வரி உயரத்துக்கு.

"வால் ரொம்ப நீளம்," என்றேன். "நீலத்தையும் கஞ்சத்தனமா வச்சிருக்கான். எவன் வரைஞ்சது?"

சகோதரர் தன்னைக் காட்டினார்.

"ஆனா அழகு," என்றேன்.

ஓஸ்வால்ட் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. புத்தகத்தையும் தாளையும் மாறி மாறிப் பார்த்தார். ஜன்னலுக்குப் போனார். திரும்பி வந்தார். மறுபடி போனார். பிறகு புத்தகத்தை மாலை வரை இரவல் கேட்டார். சகோதரர் யோசித்தார். படித்துறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி ஓஸ்வால்ட் சொன்னார். சகோதரர் புத்தகத்தை ஒரு துணியில் சுற்றி அவர் கையில் வைத்து, அந்தக் கைமேல் தன் கையை வைத்தார்.

திரும்பும்போது பாலம் முழுக்க நான்தான் பேசினேன். வழக்கு முடிந்தது என்றேன். பாதிரியாரின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். பீப்பாயில் ஒயின் ஊற்றலாம் என்றேன். ஓஸ்வால்ட் பாலத்தின் நடுவில் நின்று தண்ணீரைப் பார்த்தார்.

"பிளாசி, நீ ஒரு நாள்ல எத்தனை சிவப்பெழுத்து வரைவ?"

"குடிக்காத நாள்னா அறுபது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. நட."

மன்றம் கூடியபோது ஜெப மணிக்கு அரை மணி நேரம் இருந்தது. தலைவரும் ஆறு உறுப்பினர்களும். பாதிரியார் டீட்ரிக் ஒரு பக்கம். மார்க்வார்டும் ஊலியும் இன்னும் நான்கு அச்சகத் தொழிலாளர்களும் ஒரு பக்கம்.

ஓஸ்வால்ட் சுருக்கமாகப் பேசினார். காலி இடத்துக்கு வரிகளை முட்டுக் கொடுக்கும் வழக்கத்தை ஊலி விளக்கினான். மார்க்வார்ட் ஆமோதித்தார். தலைவருக்கு அது புரிய இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் தன் வீட்டுப் புத்தகங்களைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது. பிறகு ஓஸ்வால்ட் ஒரு கையில் ஜெபப் புத்தகத்தையும் மறு கையில் தாளையும் பிடித்தார். ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். புத்தகத்தில் ஒரு சொல், தாளில் அதே சொல்.

தலைவர் ஊலியைச் சுவிசேஷத்தின் மேல் கை வைக்கச் சொன்னார். இந்தத் தாளில் இருப்பது அந்தப் பழைய புத்தகத்துக்குக் கோத்த அதே வரிகள்தானா?

ஊலி தாளைப் பார்க்கவில்லை. ஓஸ்வால்ட் அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

"ஆமா," என்றான்.

மற்ற நால்வரும் தலை குனிந்திருந்தார்கள். பாதிரியார் எழுந்து வந்தார். தானும் பார்க்க வேண்டும் என்றார். ஓஸ்வால்ட் தாளைக் கொடுக்கவில்லை. பிடித்தபடியே காட்டினார். பாதிரியார் குனிந்து புத்தகத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார், கடைசியாக ஓஸ்வால்டின் முகத்தைப் பார்த்தார்.

"ஒரே சொற்கள்தான்," என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

நான் ஓடினேன். நாற்பது வயதில், இந்தப் பெருத்த உடம்போடு, மீன் சந்தை வரைக்கும் ஓடினேன். மணி அடிக்க ஆரம்பித்துவிட்டது. இரண்டு காவலர்கள் எனெலினின் இரு பக்கமும் நின்றிருந்தார்கள். மூச்சு வாங்கியதில் எனக்குப் பேச்சு வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்குப் புரிந்தது. எழுந்திருக்கப் பார்த்தாள். கால்கள் மரத்துப்போயிருந்தன. என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்ற பிறகுதான் அழுதாள்.

மறுநாள் காலை யோஸ்டைப் புதைத்தோம். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அச்சகத்து ஆட்கள் மட்டும் வந்திருந்தார்கள். நகங்களில் மை. பாதிரியார் ஜெபத்தை அவசரப்படாமல் சொன்னார். முடிந்ததும் அங்கிக்குள்ளிருந்து அந்தத் தாளை எடுத்தார். மன்றம் அதை அவரிடமே திருப்பிக் கொடுத்திருந்தது.

"இது உனக்கு," என்று எனெலினிடம் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கோயிலுக்குள் போய்விட்டார்.

எனெலினுக்குப் படிக்கத் தெரியாது. தாளைத் தன் மேலங்கிக்குள் பிடித்து மழை படாமல் மறைத்துக்கொண்டாள். கண்ணை மூடினாள். ஆள்காட்டி விரலை இடது ஓரத்தில் வைத்து மெல்ல நகர்த்தினாள்.

"இப்படித்தான் படிப்பாரு," என்றாள். "ஈஸ்டர்லேர்ந்து இப்படித்தான். என் முகத்தைக்கூட."

ஊலி முகத்தைத் திருப்பிக்கொண்டான். மூலப்பிரதியை அவன்தான் யோஸ்டுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டுவானாம். மற்றவர்கள் பிழை திருத்துவார்களாம். ஆறு மாதம் முதலாளிக்குத் தெரியாமல் ஓட்டியிருக்கிறார்கள். மெழுகில்லாத தண்டும், கீறிய பெட்டியும், விட்டுக்கொடுத்த ஜன்னலும் ஒவ்வொன்றாக எனக்கு நினைவு வந்தன.

எனெலினின் விரல் மறுபடி ஓரத்துக்கு வந்தது. அப்போதுதான் நான் அந்த இடத்தைப் பார்த்தேன்.

முதல் எழுத்து அங்கே இருந்தது.

புத்தகத்துக்காகக் கோத்த வரி என்றால் அது இருக்கக் கூடாது. அங்கே ஈயமே இருந்திருக்காது. சகோதரர் யாக்கோபின் தூரிகைக்காக விட்ட காலி இடம்தான் இருந்திருக்கும். இரண்டு வரிகள் உள்ளே தள்ளித் தொடங்கியிருக்கும். இந்தத் தாளில் மூன்று வரிகளும் ஓரத்திலிருந்து நேராகத் தொடங்கின. எழுத்து எழுத்தாக, இந்தப் பக்கத்துக்காகவே, யாரோ ஒருவன் புதிதாகக் கோத்திருந்தான். மனப்பாடமாகத் தெரிந்த ஒருவன். விரலால் மட்டும் படிக்க முடிந்த ஒருவன்.

ஆயிரம் காலி இடங்களை நிரப்பிய எனக்கு அது தெரியவில்லை.

எனெலின் கண்ணைத் திறந்தாள். ஓஸ்வால்ட் அவள் எதிரில் நின்றார். வேண்டுமானால் படித்துச் சொல்கிறேன் என்றார்.

"வேண்டாம்யா. ஊலியும் கேட்டான். வேண்டாம்னுட்டேன்." தாளை நான்காக மடித்து மார்புத் துணிக்குள் வைத்துக்கொண்டாள். "அவரு விழுந்துட்டாரு."

கல்லறைத் தோட்டத்திலிருந்து நாங்கள் ஆற்றோரமாகத் திரும்பினோம். வெகுதூரம் வரை நான் வாயைத் திறக்கவில்லை. ஓஸ்வால்டுக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். என்ன என்று கேட்டார். கட்டைவிரல் என்றேன்.

"என்ன கட்டைவிரல்?"

"மன்றத்துல தாளைப் பிடிச்சீங்களே. இடது ஓரத்துல. முதல் எழுத்து மேல."

"காத்து அடிச்சுது."

"ஜன்னல் சாத்தியிருந்துது ஐயா."

அவர் நடந்துகொண்டே இருந்தார்.

"கண்ணு தெரியலைன்னு சொல்லியிருக்கலாமே," என்றேன். "தெரியாதவன் தவறி விழுந்தான்னு சொன்னா முடிஞ்சுது. ஊலி சுவிசேஷத்து மேல கை வச்சிருக்க வேண்டாம்."

"சொன்னா அவன் சாகறதுக்கு ஒரு காரணம் கிடைச்சிருக்கும். அதுவரைக்கும் காரணம் இல்லாத சாவு." கொஞ்ச தூரம் போனதும் நின்றார். "குதிச்சானா விழுந்தானா, எனக்குத் தெரியாது பிளாசி. கண்ணு போனவன் ஜெபம் சொல்லவும் செய்வான், தண்ணியில விழவும் செய்வான். எனக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். அவ எழுந்திருக்கல."

மீன் சந்தைப் படித்துறையில் ஒரு படகு புறப்படத் தயாராக இருந்தது. மார்க்வார்டின் ஆட்கள் கொலோன் நகருக்கு அனுப்பும் பிரசங்கத் தொகுப்பை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். புத்தகங்கள் எப்போதும் பீப்பாயில்தான் போகும். தாள்களைச் சுருட்டி அடைத்தால் ஈரம் ஏறாது. இருநூறு பிரதிகள். ஒரு பீப்பாய் போதவில்லை என்று இங்கே சும்மா கிடந்த ஒன்றை எடுத்துக்கொண்டார்களாம். யாருக்கும் உபயோகப்படாத, நீளமான, புதுப் பீப்பாய்.

பீப்பாய் செய்தவன் மூடியில் ஆணி அடித்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் ஒரு கணம் நிறுத்தினான். ஓஸ்வால்ட் தலையசைத்தார். அவன் மீதி ஆணிகளை அடித்தான்.

உள்ளே நூறு கடைசிப் பக்கங்கள். ஒவ்வொன்றிலும், யாராவது ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால், மூன்று வரிகள்.

படகோட்டி தனியாகத் தூக்கிப் பார்த்தான். நகரவில்லை. இன்னொருவனைக் கூப்பிட்டான்.

கனமாகத்தான் இருந்தது. இரண்டு பேர் தேவைப்பட்டார்கள்.